கண்ணாடிக் கூஜாக் காப்பி

ஜனவரி 3

பிரசன்னா இன்றைக்கு வீடு தேடி வந்து ஒரு கண்ணாடிக் கூஜாவைக் கொடுத்துவிட்டுப் போனான். பெயர் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸாம். நடுவில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சல்லடைத் தட்டு, உச்சியில் ஒரு குமிழ். சைக்கிள் பம்புக்குக் கண்ணாடிச் சட்டை மாட்டியது போல இருக்கிறது.

"காய்ச்சல்ல இருந்து எந்திரிச்சு வீட்லயே இருக்கீக. பொழுது போகணும்ல அண்ணாச்சி, இதுல காப்பி போட்டுப் பாருங்க" என்றான்.

நான் பட்டிவீரன்பட்டியில் காப்பி ருசி பார்த்துத் தரம் சொல்கிறவன். மலையிலிருந்து இறங்கும் கொட்டை எங்கள் கம்பெனிக்கு வந்தால், இந்தத் தனுஷ்கோடி வாயில் உறிஞ்சித் துப்பி 'சரி' என்று சொன்ன பிறகுதான் மூட்டையின் வாயைத் தைப்பார்கள். எனக்கு இவன் காப்பி போடக் கற்றுத்தருகிறான். முதலாளியின் அக்கா மகன், பெங்களூரில் ஏதோ ஒரு கோர்ஸ், கழுத்தில் தொங்குகிற கண்ணாடி, பேச்சுக்குப் பேச்சு 'நோட்ஸ்', 'பாடி' என்று நாலு இங்கிலீஷ் வார்த்தை. இவ்வளவுதான் பிரசன்னா.

காய்ச்சல் போய்விட்டது. மூக்கடைப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி. வெளிநாட்டுக்குப் போகிற முதல் சரக்கு பிப்ரவரி ஐந்தாம் தேதி ருசி பார்க்கிற மேஜைக்கு வருகிறது. "அதுவரைக்கும் ரெஸ்ட் எடு. அன்னைக்கு உனக்கு முடியலேன்னா பிரசன்னாவ உக்கார வச்சுக்கிறேன்" என்று முதலாளி போனில் சொன்னார். என் நாற்காலியில் அந்தப் பயல் உட்காருவதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஜனவரி 4

கூஜாவைச் சோதித்தேன். வீட்டில் ஃபில்டருக்கு வைத்திருந்த தூளையே போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, குமிழை அமுக்கினேன். இறங்கவில்லை. எழுந்து நின்று உடம்பின் பாரத்தைக் கொடுத்து அமுக்கினேன். காப்பி மேல்வழியாகப் பீறிட்டு என் கையிலும் வேட்டியிலும் சுவரிலும் அடித்தது.

வெள்ளைக்காரன் இதில்தான் குடிக்கிறானாம். குடிக்கட்டும்.

மிச்சம் இருந்ததை என் மனைவி செல்வக்கனி ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்தாள். பாதி தம்ளர் வண்டல். "நல்லாருக்குங்க" என்றாள். ருசி பார்க்கிறவனுக்கு வாய்த்த மனைவியின் லட்சணம் இது. கல்யாணமான நாளிலிருந்து எதைக் கொடுத்தாலும் இந்த ஒரு வார்த்தைதான்.

ஜனவரி 5

கையில் கொப்புளம். கூஜா பரணுக்குப் போய்விட்டது.

ஜனவரி 8

பரணிலிருந்து இறக்கினேன். காரணம் இருக்கிறது.

எங்கள் மேஜையில் ருசி பார்ப்பது எப்படி? கிண்ணத்தில் கரகரவென்று அரைத்த தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி விட்டுவிடுவோம். தூள் மேலே வந்து பொருக்காகக் கட்டும். நாலு நிமிஷம் கழித்து மூக்கைக் கிண்ணத்துக்குள் நீட்டி, கரண்டியால் பொருக்கை உடைப்போம். அந்த நிமிஷத்தில் எழும்புகிற வாசனைதான் பாதித் தீர்ப்பு. யோசித்துப் பார்த்தால் இந்தக் கூஜா அதே கிண்ணம்தான், ஒரு சல்லடையை மட்டும் சேர்த்திருக்கிறான். இது பிரசன்னாவுக்குத் தெரிந்திருக்காது. அவன் டப்பாவின் படத்தைப் பார்த்து வாங்கியிருப்பான்.

ஃபில்டர் தூளைப் போட்டது தப்பு. கம்பெனியிலிருந்து புதிதாக வறுத்த கொட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தேன், ரவை பதத்துக்கு. சல்லடையில் சலித்து மாவாகப் போனதைக் கொட்டிவிட்டேன். மாவுதான் தட்டை அடைப்பதும், வண்டலாக வந்து தொண்டையில் நிற்பதும்.

கொட்டையைப் போட்டு வைக்க இந்த வீட்டில் ஒழுங்கான டப்பா உண்டா? எல்லாம் பிளாஸ்டிக். காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மசாலா டப்பா பக்கத்தில் வைக்காதே என்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன், இவள் காதில் ஏறாது. செல்வக்கனி கோயிலுக்குப் போயிருந்தாள். நானே பரணில் தேடி, மூடி இறுக்கமான ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, உள்ளே மூக்கை விட்டு நன்றாக முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் கிடையாது. சுத்தம். கொட்டையைக் கொட்டி மூடினேன்.

ஒரு காரியத்தை முறையாகச் செய்ய இந்த வீட்டில் நான்தான் வரவேண்டியிருக்கிறது.

ஜனவரி 10

முறையாகப் போட்டேன். கூஜாவை முதலில் வெந்நீரால் சூடாக்கினேன். கொதித்த தண்ணீர் கொஞ்சம் அடங்கிய பிறகு ஊற்றினேன். பொருக்கு அழகாகக் கட்டியது. குனிந்து உடைத்தேன்.

ஒன்றும் எழும்பவில்லை.

வறுக்கிற ஆள் சரியில்லை. பக்கத்தில் நின்று அதட்ட நான் இல்லை என்றதும் கை போன போக்கில் வறுக்கிறான். நாக்கில் புளிப்பும் கசப்பும் தெரிகிறது, மற்றபடி செத்த சரக்கு. முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

செல்வக்கனி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தம்ளரைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். முழுவதையும் குடித்து முடித்தாள். அவள் நாக்கைத் தோலால் செய்திருக்கிறார்கள்.

ஜனவரி 12

வத்தலக்குண்டு டாக்டரிடம் போனோம். நான் போகவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயசு டாக்டர். மூக்குக்குள் டார்ச் அடித்துவிட்டு, "அடைப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சிலருக்குக் காய்ச்சல்ல வாசனை நரம்பு பாதிக்கும். சில மாசத்துல வரலாம். வராமலும் போகலாம்" என்று, மழை வருமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். தினமும் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய் மூன்றையும் முகர்ந்து பழக வேண்டுமாம். இதற்கு ஃபீஸ் வேறு.

அடைப்பு இல்லை என்கிறவனுக்கு அடைப்பைப் பற்றி என்ன தெரியும்? குளிர்காலம். பனி. பங்குனி வெயில் வந்தால் தன்னால் சரியாகும்.

ஐந்தாம் தேதிக்குள் வெயில் வராது என்பது எனக்கும் தெரியும்.

ஜனவரி 15

பொங்கல். நெய் மட்டம், வாசனையே இல்லை, கடைக்காரன் டால்டாவைக் கலந்துவிட்டான். மல்லிகையும் இப்போதெல்லாம் வெறும் வெள்ளைக் காகிதம், உரம் போட்டு வளர்த்தால் வாசம் எங்கிருந்து வரும்? பத்தியில் மரத்தூளைத்தான் உருட்டி விற்கிறார்கள். நாடு முழுக்க ஏமாற்றுக்காரர்கள்.

ஜனவரி 18

கூஜாவை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதை எழுதி வைக்கிறேன், பிரசன்னா மாதிரி ஆட்கள் படித்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

பொருக்கை உடைத்ததும் குமிழை அமுக்க ஓடக்கூடாது. மேலே மிதக்கிற நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். தூள் தன் பாட்டுக்கு அடியில் படியும். பிறகு தட்டை அடிவரை அமுக்கவே கூடாது. காப்பியின் மேல்மட்டத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, கலங்காமல் ஊற்ற வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது, வைத்தால் தூள் ஊறிக்கொண்டே இருந்து கசப்பேறும். இவ்வளவுதான். அவசரப்படுகிறவனுக்கு இந்தக் கூஜா லாயக்கில்லை.

சாயங்காலம் பிரசன்னா வந்தான். என் முறையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு வாயில் வைத்ததும் கண் அகலமாகிவிட்டது. அவ்வளவு தெளிவான காப்பியை அவன் பெங்களூரில் கண்டிருக்க மாட்டான். செல்வக்கனி வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பிறகு கடகடவென்று மொத்தத்தையும் குடித்துவிட்டு, "சூப்பர் அண்ணாச்சி" என்றான். ருசி பார்க்கிறவன் உறிஞ்சுவான், இப்படி மாடு கழனித்தண்ணீர் குடிப்பது போலவா குடிப்பான்?

பண்ணைக்காட்டிலிருந்து வந்த ஒரு சாம்பிளைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "மாமா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாக." அதையும் கூஜாவில் போட்டேன். கொட்டை கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. நாக்கில் மிதமான புளிப்பு. "நல்ல சரக்கு, ஏத்திக்க" என்றேன். "சரிங்க அண்ணாச்சி" என்று தலையைக் குனிந்துகொண்டான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. இவன் என் நாற்காலியில் உட்காரப் போகிறானாம்.

ஜனவரி 22

செல்வக்கனிக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ரேடியோ போல ஓயாமல் பேசுகிறாள். "கறிவேப்பிலை கருகிருச்சுங்க, வாடை கூடம் வரைக்கும் வருது." "எதிர்வீட்ல மீன் பொரிக்கிறாக." "முல்லை இன்னைக்கு என்னமா மணக்குது, தலைய வலிக்குது." கேட்கிறவன் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்றே கவலை இல்லை. "எனக்கு மூக்கு இருக்கு, நீ வாயை மூடு" என்றேன். மூடினாள். கொஞ்ச நேரத்தில், "பாலு அடிப்பிடிக்கப் போகுதுங்க, லேசா வாடை வருது" என்று எனக்குச் சொல்லிவிட்டு அவளே போய் அடுப்பை அணைத்தாள்.

காலையில் தலையணைப் பக்கத்தில் கிராம்பு இருக்கிறது. நான் வைக்கவில்லை.

ஜனவரி 27

இன்றைக்குக் கொழுந்தியாள் ஜெயராணி நிலக்கோட்டையிலிருந்து வந்தாள். இந்தப் பெண்பிள்ளையை எனக்கு எப்போதுமே பிடிக்காது. வீட்டுக்குள் நுழையும்போதே குறை கண்டுபிடித்துக்கொண்டே நுழைவாள். திரைச்சீலை அழுக்கு, ஃபேன் சத்தம், அக்கா இளைத்துவிட்டாள்.

இவளுக்கும் காப்பி என்றால் என்ன என்று காட்டலாம் என்று கூஜாவை எடுத்தேன். செல்வக்கனி பதறிப்போய், "அவளுக்கு எதுக்குங்க, அவ டீ குடிப்பா" என்றாள். "இல்லையே, நான் காப்பிதானே குடிப்பேன்" என்றாள் இவள். செல்வக்கனி என் கையிலிருந்து கூஜாவை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

முறை தவறாமல் போட்டேன். ஜெயராணி ஒரு வாய் குடித்தாள். எழுந்து ஓடி முற்றத்தில் துப்பினாள்.

"என்ன அத்தான் இது? ரசத்துல டிகாக்ஷன ஊத்தினீயளா, டிகாக்ஷன்ல ரசத்த ஊத்தினீயளா? பெருங்காயம் கொமட்டுது!"

நான் அவளுக்குத் தோதான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "யக்கா, இது நம்ம கட்டிப் பெருங்காய டப்பால்ல? அம்மா குடுத்துவிட்டது! இதுலயா காப்பிக் கொட்டையப் போட்டு வச்சிருக்கீக? ஊரே மணக்குதே, உங்களுக்கு ஒருத்தருக்குமா தெரியல?" என்றாள்.

 ஜெயராணி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவளுக்கே ஏதோ புரிந்துவிட்டது போல. "சரி சரி, நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் வாயடைத்துப்போன ஒரே நாள் இதுவாகத்தான் இருக்கும்.

செல்வக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னதுங்க?"

"டப்பா."

"மொத நாளே."

"பெறகு ஏன் தினமும் குடிச்ச?"

"நல்லால்லேன்னு சொன்னா ஏன்னு கேப்பீக. ஏன்னு சொன்னா…" 

தினமும் குடித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. முகத்தைச் சுளிக்காமல், 'நல்லாருக்குங்க' என்று. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாததால் டப்பாவைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். கொட்டை எல்லாம் சிதறியது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

ஜனவரி 28

பிரசன்னாவும் குடித்தானே.

ஜனவரி 30

போன் போட்டு வரச் சொன்னேன். வந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"பெருங்காயக் காப்பி சூப்பரா இருந்துச்சா?"

அவன் முகம் செத்துவிட்டது. செல்வக்கனியைப் பார்த்தான். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"பண்ணைக்காட்டுச் சாம்பிள் என்ன ஆச்சு?"

"அது… தள்ளிட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"பூஞ்ச வாடை. பொருக்க உடைச்சதும் குப்புனு அடிச்சுச்சு. மழைல நனைஞ்ச மூட்டை போல."

அந்தச் சரக்குக்குத்தான் 'ஏத்திக்க' என்று நான் சொன்னேன். அது கப்பலில் போயிருந்தால் மொத்தக் கன்டெய்னரும் திரும்பி வந்திருக்கும். கம்பெனியின் பெயர் நாறியிருக்கும், அந்த நாற்றமும் எனக்குத் தெரிந்திருக்காது.

"உங்க மாமன்கிட்ட என்னன்னு சொன்ன?"

"நீங்க பாத்தீகன்னு மட்டும் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல." பிறகு தயங்கித் தயங்கி, "அஞ்சாந்தேதி நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. நான் பக்கத்துல நிக்கிறேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சின்னப்பய மாதிரி நான் முந்திக்கிட்டு ஒளறுறேன். நீங்க ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும். இந்த சீசன ஓட்டிருவோம். அதுக்குள்ள வந்துரும்" என்றான்.

திட்டம் போட்டு வைத்திருக்கிறான். எத்தனை நாளாகப் போட்டானோ. இவன் எனக்கு இரக்கப்படுகிறான். என் மேல் இரக்கப்பட ஒரு பிரசன்னா! செவிட்டில் ஒன்று விடலாம் என்று கை துடித்தது. விடவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4

கிராம்பு. எலுமிச்சை. யூகலிப்டஸ். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5

கம்பெனியின் ருசி அறையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. கிண்ணங்கள் வரிசையாக. என் நாற்காலி. எதிரில் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் பிரசன்னா. பொருக்குகள் கட்டி நின்றன.

முதல் கிண்ணம். குனிந்து உடைத்தேன். "அண்ணாச்சி, இது சுத்தம்ல? லேசா நாரத்தங்கா மாதிரி இருக்கு" என்று பிரசன்னா முந்திக்கொண்டான். "ஆமா" என்றேன். இரண்டாவது. "இதுல கொஞ்சம் பழசு மாதிரி, சாக்கு வாடை லேசா…" "லேசாதான். தள்ளி வை, பெறகு பாப்போம்" என்றேன். எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நான் பேசுவது எனக்கே உண்மை போலக் கேட்டது.

மூன்றாவது கிண்ணத்துக்குக் குனியும்போது முதலாளி, "ஏய், நீ என்ன வளவளன்னு? அவன் சொல்லட்டும். நீ அப்புறம் பேசு" என்று பிரசன்னாவை அதட்டினார்.

பிரசன்னா வாயை மூடினான்.

நான் கரண்டியை உள்ளே விட்டுப் பொருக்கைப் பிளந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. சூடு, ஈரம், அவ்வளவுதான். கிண்ணத்துக்குக் கீழே சீட்டில் தாண்டிக்குடிக்காரர் ஒருவரின் பெயர் எழுதியிருந்தது. அவருடைய ஒரு வருஷத்து வெள்ளாமை இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. நான் 'சரி' என்று சொல்லலாம், 'ஆகாது' என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது நடக்கும். என் வாய்க்கு அத்தனை மரியாதை. பிரசன்னாவின் வியர்வை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது, நெற்றியில் முத்து முத்தாக.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு வாசம் தெரியல முதலாளி."

"சளியா?"

"இல்ல. போயிருச்சு. காய்ச்சலோட போயிருச்சு."

 அவர் குரலில் ஏறிய சூடு எனக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைகளை வேலையை விட்டு அனுப்புகிறபோது வருவது. "காய்ச்சல்லயேவா? அப்ப இத்தன நாளு? பண்ணைக்காட்டுச் சாம்பிள் உன் வீட்டுக்கு வந்து போச்சே?" அவர் கண் பிரசன்னா பக்கம் திரும்பியது. "நீதானடா கொண்டு போன. இது உனக்குத் தெரியுமா?"

பிரசன்னா வாயைத் திறந்தான். உளறி வைத்திருப்பான். அவனுக்குப் பொய் சொல்லவும் வராது.

"இவனுக்கா?" என்றேன் நான். "இவனுக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்தான், காப்பியக் குடிச்சான், போனான். எதிர்ல இருக்கறவனுக்கு மூக்கு இருக்கா இல்லையான்னு பாக்குற அளவுக்கு இவனுக்குச் சாமர்த்தியம் ஏது? அந்தச் சாம்பிள நான் ஏத்திக்கன்னு சொன்னேன் முதலாளி. என் பேச்ச மதிக்காம இவன் இஷ்டத்துக்குத் தள்ளிட்டான். கேட்டா பூஞ்சைங்கறான். பெரியவன் சொல்லுக்கு அடங்காத பய."

முதலாளி அவனையே பார்த்தார். "தள்ளுனியா?"

"ஆமா மாமா."

"பூஞ்சையா?"

"ஆமா."

"மூட்டையப் பிரிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். அடில கருப்பா இருந்துச்சு."

இத்தனை நாளில் அவர் அந்தப் பயலை ஒரு ஆளாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். பிரசன்னா உட்காரவில்லை. கண் இரண்டும் தளும்பிக்கொண்டு, கம்பத்தைப் போல நின்றான். இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டுதான் தொழில் நடத்த வேண்டியிருக்கிறது.

"உக்காருடா. ஆறிப்போச்சுன்னா என்னத்தப் பாப்ப?" என்றேன்.

உட்கார்ந்தான். குனிந்தான். நான் வெளியே வந்து களத்தில் காய்கிற கொட்டைகளுக்கு நடுவே நின்றேன்.  அழுகை வந்ததை இங்கே எழுதுவதில் ஒன்றும் வெட்கம் இல்லை, யார் படிக்கப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். "கண்ணும் கையும் இருக்குல்ல? திங்கக்கெழம தரம் பிரிக்கிற பக்கம் வந்து நில்லு" என்றார். 

பிப்ரவரி 6

நேற்று வந்ததும் செல்வக்கனி சோற்றைப் போட்டாள். நானே சொன்னேன். "சரிங்க" என்றாள்.

இன்று காலை கடையில் புதுக் கண்ணாடிப் பாட்டில் வாங்கி, புதுக் கொட்டை போட்டு, கூஜாவில் காப்பி போட்டேன். ஒரு படி தவறவில்லை. அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

"நல்லாருக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"செல்வக்கனி."

நிறுத்தினாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லால்லீங்க. கசக்குது. என்னதான் தெளிய வச்சாலும் தொண்டைல ஏதோ நிக்குது. எனக்கு இந்தக் கூஜாக் காப்பி மொதல்ல இருந்தே பிடிக்கல."

இவ்வளவு பெரிய விமர்சனத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வீட்டில் ஒரு ஆள் நிஜத்தைச் சொல்கிறாள் என்று நிம்மதியாக இருந்தது.

"வாசம்?" என்றேன்.

"வாசம் நல்லாருக்கு."

"எப்டி?"

"அதெல்லாம் எனக்கு எங்க சொல்லத் தெரியும்."

"தெரிஞ்சதச் சொல்லு."

தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் யோசித்தாள். "வறுத்த கடலத் தோலு மாதிரி. பெறகு… நீங்க வேலைல இருந்து வந்து சட்டையக் கழட்டி ஆணில மாட்டுவீகல்ல. அது மாதிரி."

ருசி பார்க்கிற உலகத்தில் அப்படி ஒரு வாசனை கிடையாது. எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தர மாட்டான். பிரசன்னா கேட்டால்கூடச் சிரிப்பான். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

அவள் தம்ளரைக் கழுவப் போனதும், ஆணியில் கிடந்த நேற்றைய சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி. அவ்வளவுதான். சட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"பாரு" என்று நீட்டினேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி முகர்ந்தாள்.

"இருக்குங்க" என்றாள்.